பதினான்கு கால்கள்: கரியாலூர் ஊற்றுகளிலும் ஓடைகளிலும் ஐசோபாட் தேடும் முறை

கச்சிராயபாளையம் தாண்டிக் கல்வராயன் மலைச்சாலையில் ஏறிக் கரியாலூர் வருகிறவர்களில் பெரும்பாலானோர் அருவிக்காக வருகிறார்கள். பெரியார் அருவியில் குளித்துவிட்டு, நேரமிருந்தால் மேகம் அருவியையும் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் இறங்கிவிடுகிறார்கள். இந்த அத்தியாயத்தில் நாம் போகப்போவது அந்த அருவிகளுக்குத் தண்ணீர் கொடுக்கும் இடங்களுக்கு: பாறை இடுக்கில் கசியும் ஊற்று, சருகு மக்கிக் கிடக்கும் ஓடையோரம், வெள்ளம் ஒதுக்கிவிட்டுப் போன மணல்திட்டு, யாரும் நீர் இறைக்காத பழைய கிணறு. அங்கே தேடப்போவது ஐசோபாட் என்ற உயிரினக் கூட்டத்தில் நன்னீரில் வாழும் இனங்களை.

நண்டுக்கும் இறாலுக்கும் உறவான ஓட்டுடலிகள் இவை. உலகில் இதுவரை பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஐசோபாட் இனங்களுக்குப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். கடலில் உண்டு, தரையில் உண்டு, கடலடி இருட்டிலும் உண்டு. ஆற்றிலும் ஏரியிலும் ஊற்றிலும் நிலத்தடி நீரிலும் வாழ்பவை ஏறக்குறைய 950 இனங்கள்தான். அவற்றிலும் பல ஒரே ஒரு குகையில், ஒரே ஒரு ஊற்றில், ஒரே ஒரு பகுதியின் கிணறுகளில் மட்டும் வாழ்கின்றன. ஓடையில் கைவிட்டதும் கிடைக்கும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்க மாட்டேன். முறையாகத் தேடினால் உங்கள் ஊற்றைப் பற்றி உங்களுக்கு நிறையத் தெரியவரும். அதற்கு மட்டும் உறுதி சொல்ல முடியும்.

மலை ஏறுவதற்கு முன் வீட்டில் பழகுங்கள்

தேடப்போகும் உருவத்தைக் கண்ணில் பதித்துக்கொள்ளாமல் ஓடைக்குப் போனால் எல்லாப் பூச்சியும் ஒன்றுபோலத்தான் தெரியும். நல்லவேளையாக, இந்தக் கூட்டத்தின் தரைவாழ் உறவுகள் நம் வீட்டுக் கொல்லையிலேயே இருக்கின்றன. பூந்தொட்டியைச் சற்று நகர்த்துங்கள்; ஈரச் செங்கல்லைப் புரட்டுங்கள்; குப்பைக்குழி ஓரத்துச் சருகை விலக்குங்கள். சாம்பல் நிறத்தில், அரை அங்குலத்துக்கும் குறைவாக, முதுகில் குறுக்குக் குறுக்காகத் தகடு அடுக்கிய ஒரு சிறு உயிர் வெளிச்சம் பட்டதும் இருட்டைத் தேடி ஓடும். சில வகைகள் தொட்டதும் உருண்டுகொள்ளும். அதுதான் தரை ஐசோபாட்.

உருண்டுகொள்வதெல்லாம் ஐசோபாட் இல்லை என்பதையும் இங்கேயே பழகிக்கொள்ளுங்கள். நம் மலைக்காடுகளில் கோலிக்குண்டு அளவுக்கு உருண்டுகொள்ளும் மரவட்டையும் உண்டு. அதற்கு இருபது இணைக்கு மேல் கால்கள். ஐசோபாடுக்கு ஏழே இணை, அதாவது பதினான்கு கால்கள். இந்த ஒரு கணக்கு உங்கள் குழப்பத்தில் முக்கால்வாசியைத் தீர்த்துவிடும்.

பிடித்த ஒன்றை வெள்ளைத் தட்டில் விட்டுப் பத்து மடங்கு லென்ஸால் பாருங்கள். கண்கள் நண்டுக்கு இருப்பதுபோலக் காம்பின் மேல் இருக்காது. தலையோடு ஒட்டியே இருக்கும். தலைக்குப் பின்னால் ஏழு கண்டங்கள், கண்டத்துக்கு ஓர் இணைக் கால். அதற்கும் பின்னால் குட்டையான வயிற்றுப் பகுதி. அதைக் குப்புறத் திருப்பினால் வயிற்றடியில் தகடு தகடாகச் சில உறுப்புகள் அடுக்கியிருக்கும். ஐசோபாட் மூச்சு வாங்குவது அவற்றால்தான். நீரில் வாழும் இனங்களில் அந்தத் தகடுகளே செவுள். அவை ஓயாமல் அசைந்து நீரைத் தள்ளிக்கொண்டிருப்பதை லென்ஸ் வழியே பார்க்கலாம். உடலின் கடைக்கோடியில் ஓர் இணை வால் உறுப்புகள் நீட்டிக்கொண்டிருக்கும்.

தேடும்போது சில சமயம் முன்பாதி ஒரு நிறமும் பின்பாதி வேறு நிறமுமாக ஒன்று அகப்படும். அது நோயுமல்ல, புது இனமுமல்ல. ஐசோபாட் தோலுரிப்பதே இரண்டு தவணையில்தான். முதலில் பின்பாதிச் சட்டையைக் கழற்றும், பிறகு முன்பாதியை. நடுவில் பிடித்தால் பாதி புதிது, பாதி பழையது. நண்டும் இறாலும் முழுச் சட்டையை ஒரே மூச்சில் உரிப்பவை. பாதி பாதியாக உரிப்பது ஐசோபாடுகளின் தனி வழக்கம். தொட்டியடியில் கொஞ்சம் பொறுமையாகத் தேடினால் நீங்களே இதைப் பார்த்துவிடலாம்.

பெட்டையின் மார்படியில் ஒரு பை இருக்கும். கால்களின் அடியிலிருந்து வளரும் மெல்லிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து உண்டாக்கும் பை அது. முட்டைகள் அதற்குள்ளேயே பொரிந்து, குஞ்சுகள் நடக்கத் தயாரான பிறகே வெளியே வரும். நீந்தித் திரியும் இளம்புழுப் பருவம் இவற்றுக்குக் கிடையாது. வெளிவரும் குஞ்சுக்கு ஆறு இணைக் கால்தான் இருக்கும். ஏழாவது பின்னால் முளைக்கும். அதனால் மிகச் சிறியதாக, ஐசோபாட் சாயலில், பன்னிரண்டு காலோடு ஒன்றைப் பார்த்தால் குஞ்சு என்று குறித்துக்கொள்ளுங்கள்.

நீந்தும் இளம்பருவம் இல்லாததற்கு இன்னொரு விளைவும் உண்டு. ஓர் ஊற்றிலிருந்து அடுத்த ஊற்றுக்கு இவற்றால் எளிதில் பரவ முடியாது, பறக்கவும் வழியில்லை. தட்டானும் கொசுவும் புதுக்குளம் வெட்டிய சில நாளில் வந்து சேரும். ஊற்று ஐசோபாட் அப்படி வராது. ஓர் ஊற்றில் அது அழிந்தால் அங்கே அழிந்ததுதான்.

ஓடையில் ஏமாற்றும் உருவங்கள்

கரியாலூர்ப் பக்க ஓடைகளில் கல்லைப் புரட்டினால் முதலில் தென்படுபவை பூச்சிகளின் இளம்பருவங்கள். இரண்டு மூன்று வால்முடிகளோடு, வயிற்றின் பக்கவாட்டில் இலைபோன்ற செவுள்களை அசைத்துக்கொண்டு இருப்பது மேஃப்ளை என்ற பூச்சியின் இளம்பருவம். இரண்டே வாலோடு, விரைந்த நீரில் கல்லைப் பற்றிக்கொண்டிருப்பது ஸ்டோன்ஃப்ளையின் இளம்பூச்சியாக இருக்கலாம். கல்லோடு கல்லாக, நாணயம்போல் வட்டமாகத் தட்டையாக ஒட்டிக்கொண்டிருப்பதைத்தான் பலரும் ஐசோபாட் என்று எண்ணிவிடுகிறார்கள். அது ஒரு வண்டின் புழு. மெல்லிய தூரிகையால் நெம்பி எடுத்துத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஆறே கால்கள். ஆறு கால் என்றால் பூச்சி. அதற்குமேல் யோசிக்க வேண்டியதில்லை.

பதினான்கு கால் இருந்துவிட்டால் ஒரே ஒரு சந்தேகம் மிச்சமிருக்கும்: ஐசோபாடா, ஆம்ஃபிபாடா? இரண்டும் நெருங்கிய உறவு. ஆம்ஃபிபாட் பக்கவாட்டில் அமுங்கி, சின்ன இறால்போல் வளைந்திருக்கும். தட்டில் விட்டால் ஒருக்களித்துப் படுத்துத் துள்ளும். ஓடை ஐசோபாடுகளில் பெரும்பாலானவை மேலிருந்து கீழாகத் தட்டையானவை, துள்ளாமல் ஊர்ந்துபோகும். வழக்கமாக இது போதும். ஆனால் நம் நாட்டின் நிலத்தடி நீரில் கிடைத்த பழங்கால ஐசோபாட் குடும்பம் ஒன்று இந்த விதிக்கு அடங்காது. அதன் உடல் தட்டையாக இராமல், நீண்டு உருண்டு, ஓரளவு ஆம்ஃபிபாட் சாயலிலேயே இருக்கும். அதனால்தான் மேலிருந்து எடுத்த ஒரே படத்தோடு நிறுத்தக்கூடாது என்கிறேன். பக்கவாட்டில் ஒரு படமும், முடிந்தால் வயிற்றடியில் ஒரு படமும் கட்டாயம் வேண்டும். வயிற்றடியில் ஐந்து இணைத் தகடு, கடைசியில் ஓர் இணை வால் உறுப்பு என்றால் ஐசோபாட். மூன்று இணை நீந்தும் கால், மூன்று இணை வால் உறுப்பு என்றால் ஆம்ஃபிபாட்.

காசியின் கிணறும் குத்திகொண்டா குகையும்

அந்தப் பழங்காலக் குடும்பத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கரியாலூரில் ஐசோபாட் தேடுவதற்கு அதுதான் முதல் காரணம்.

1950இல் பி. சோப்ரா, கே. கே. திவாரி என்ற இரண்டு விலங்கியலாளர்கள் காசி நகரத்துக் கிணறுகளில் கிடைத்த ஓர் ஐசோபாடை விவரித்தார்கள். கண் இல்லை, நிறம் இல்லை, நீண்ட உடல். அதற்கு நிக்கோல்சியா காசியென்சே என்று பெயரிட்டார்கள். இந்தக் கூட்டத்தை ஆராய்ந்து விரிவான நூல் எழுதிய ஆஸ்திரேலியர் நிக்கோல்ஸின் பெயர் முன்பாதி, காசி பின்பாதி. ஃபிரியாட்டோய்சிட் என்ற அந்தக் கூட்டம் அதுவரை ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய இடங்களிலிருந்துதான் தெரிந்திருந்தது. நியூசிலாந்தில் சார்ல்ஸ் சில்டன் 1883இல் விவரித்ததும் ஒரு கிணற்று உயிரைத்தான். காசியில் ஊர் மக்கள் நீர் மொண்டு குடித்த கிணறுகளில், தென்கோளத்துச் சொந்தம் ஒன்று யாருக்கும் தெரியாமல் வாழ்ந்திருக்கிறது.

பிறகு 2011இல் சிட்னியின் ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் வில்சனும், ஆந்திரத்தின் ஆச்சார்ய நாகார்ஜுனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒய். ரங்கா ரெட்டியும் குத்திகொண்டா என்ற சுண்ணாம்புக் குகையின் நீரிலிருந்து இன்னொன்றை விவரித்தார்கள். ஆந்த்ராகாய்டஸ் என்று புதிய பேரினமே உண்டாக்க வேண்டியிருந்தது. காசி, குத்திகொண்டா உயிர்களின் நெருங்கிய உறவுகள் இன்று மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா நிலத்தடி நீரிலும் டாஸ்மேனியாவிலும் இருக்கின்றன. இடையில் இருப்பது இந்தியப் பெருங்கடல். உப்புநீரைக் கடக்க இவற்றால் ஆகாது. இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் கோண்டுவானா என்ற ஒரே நிலமாக ஒட்டியிருந்த காலத்திலேயே இவற்றின் முன்னோர் நன்னீரில் இருந்திருக்க வேண்டும். அந்த நிலம் பிரிந்து பத்துக்கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அமெரிக்காவின் இல்லினாயில் கிடைத்த இதே கூட்டத்தின் புதைபடிவம் முப்பது கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. ஐசோபாடுகளிலேயே மிகப் பழைய புதைபடிவம் அதுதான்.

கல்வராயன் மலை சுண்ணாம்புப் பாறையல்ல. பரங்கிமலையில் பார்க்கிறோமே, அதே சார்னோகைட்டும் நைஸ் பாறையும்தான் இங்கும். 250 கோடி ஆண்டு வயதுள்ள கடும்பாறை. நீர் கரைத்துக் குடைந்த நீண்ட குகைகள் இதில் உருவாகா. ஆகவே இங்கே குகை தேடி அலைய வேண்டாம். கடும்பாறையில் நிலத்தடி நீர் இருப்பது இரண்டு இடங்களில்: மேலே உதிர்ந்து மண்ணாகிக்கொண்டிருக்கும் பாறைப் போர்வையிலும், கீழே விரிசல்களிலும். அந்த விரிசல் எங்கே வெளியே திறக்கிறதோ அதுதான் ஊற்றுக்கண். இருட்டில் வாழும் உயிர் வெளியே வந்து விழக்கூடிய இடம் அது. கோண்டுவானாவின் துண்டாகிய இந்தத் தீபகற்பத்தின் பழைய பாறைக்குள் நிலத்தடி நீர் எங்கெல்லாம் வற்றாமல் இருக்கிறதோ, அங்கெல்லாம் தேடிப் பார்ப்பது வீண் வேலையல்ல என்பது என் உறுதியான கருத்து.

இருட்டு நீரில் வாழும் ஐசோபாடின் வாழ்க்கையே நிதானமானது. ஐரோப்பாவின் ஓடைகளில் பெருகிக் கிடக்கும் அசெல்லஸ் அக்வாட்டிகஸ் ஓர் ஆண்டு, மிஞ்சினால் ஒன்றரை ஆண்டு வாழும். மக்கிய இலையைத் தின்று மளமளவென்று பெருகும். பிரான்ஸின் நிலத்தடி நீரில் வாழும் ஸ்டெனாசெல்லஸ் இனமொன்று பத்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்வது தெரிந்திருக்கிறது. ஸ்லோவேனியாவின் போஸ்டோய்னா குகையில் அசெல்லஸின் கண்ணில்லாத, நிறமில்லாத வடிவம் ஒன்று வாழ்கிறது. வெளி ஓடையிலுள்ள கறுப்பு அசெல்லஸோடு அது இன்னும் இணைசேர்ந்து குஞ்சு பொரிக்கக் கூடியது. கண் எப்படி அற்றுப்போகிறது என்பதை மரபணு வழியே ஆராய அதனால்தான் அது பயன்படுகிறது. நீங்கள் பிடிப்பது வெளுத்துக் கண்ணின்றி இருந்தால் அது நிலத்தடியிலிருந்து வந்திருக்கிறது என்று பொருள். அதை மேலும் கவனமாகக் கையாளுங்கள். அதன் கூட்டத்தில் எண்ணிக்கை குறைவாகவே இருக்கும்.

எங்கே, எப்போது, யாரைக் கேட்டு

வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது ஓடைக்குப் போகாதீர்கள். மேலே எங்கோ பெய்த மழைக்குக் கீழே திடீரென்று நீர் ஏறும், உயிருக்கே ஆபத்து. வெள்ளம் சருகையும் மணலையும் அடித்துக்கொண்டு போயிருப்பதால் தேடவும் ஒன்றுமிராது. தை பிறந்து நீர் தெளிந்த பிறகு, பங்குனி வரைக்கும் ஓடையோரம் பார்க்க ஏற்ற காலம். சித்திரை, வைகாசியில் ஓடை வற்றும். அப்போது ஊற்றுகளைப் பாருங்கள். நீர் மண்ணுக்குள் இறங்கும்போது உயிர்களும் கூடவே இறங்கிவிடும். வற்றாத ஊற்றில் அவை ஒதுங்கியிருக்கும்.

எந்த ஊற்று வற்றாது என்பதை எந்த வரைபடமும் சொல்லாது. மலையாளி எனப்படும் பழங்குடி மக்களின் குடியிருப்புகளில் வயதானவர்களைக் கேளுங்கள். "அய்யா, சித்திரை வெயில்லயும் வத்தாத ஊத்து இந்தப் பக்கம் எது?" என்று கேட்டால் சரியாகச் சொல்வார்கள். குடிநீர் எடுத்து வரும் பெண்களுக்கு அதைவிட நன்றாகத் தெரியும். எந்த ஊற்று கலங்கும், எதில் வெயிலில் குளிர்ச்சியாகவும் பனியில் வெதுவெதுப்பாகவும் இருக்கும் என்பது வரைக்கும் சொல்வார்கள். இந்தக் கடைசிச் செய்தியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே வெப்பத்தில் இருக்கும் நீர் ஆழத்திலிருந்து வருவது. நாம் தேடுவதும் அப்படிப்பட்ட நீரைத்தான். சில ஊற்றுகள் சாமிக்கு உரியவையாக இருக்கும். செருப்போடு போகக்கூடாது, நீரில் கைவைக்கக்கூடாது என்றால் அதோடு விட்டுவிடுங்கள். அந்தக் கட்டுப்பாட்டால்தான் அந்த ஊற்று இன்றும் சுத்தமாக இருக்கிறது.

காப்புக்காட்டுக்குள் போவதானால் வனத்துறையின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். தனியாகப் போகாதீர்கள், உள்ளூர்க்காரர் ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்துப்போங்கள்.

கையில் வேண்டியவை

அதிகச் செலவில்லை. வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டு, மெல்லிய கண்ணுள்ள டீ வடிகட்டி, அதைவிட மெல்லிய நைலான் துணி ஒரு முழம், நீர்வண்ணத் தூரிகை, மருந்துச் சொட்டுக் குழாய், பத்து மடங்கு லென்ஸ், வெப்பமானி, அளவுகோல், பென்சில். பேனா வேண்டாம், மை கரையும். தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி பழுதுபார்ப்பவர்கள் வைத்திருக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று இருந்தால் நல்லது. ஊற்று நீரில் உப்புகள் எவ்வளவு கரைந்திருக்கின்றன என்று மாதாமாதம் குறித்துவந்தால், அந்த நீர் பாறைக்குள் நீண்ட நாள் தங்கி வருவதா, நேற்றைய மழை உடனே வழிந்து வருவதா என்று பிடிபடும்.

தேடும் முறைகள்

ஓடையோரத்தில் எளிய முறை சருகு அலசுவது. நீர் தேங்கும் மூலையில் கறுத்து மென்மையான பழைய சருகில் இரண்டு கைப்பிடி எடுத்து, தட்டில் ஓடைநீர் ஊற்றி அதில் ஒவ்வோர் இலையாக அலசுங்கள். புதிதாக விழுந்த இலையில் ஒன்றுமிராது. பூஞ்சையும் நுண்ணுயிரும் ஏறி, நரம்பு மட்டும் மிஞ்சத் தொடங்கிய இலையைத்தான் இவை தின்னும். அலசிய தட்டை அசைக்காமல் ஐந்து நிமிடம் வையுங்கள். முதல் நிமிடத்தில் பூச்சிகள் ஓடும். ஐசோபாட் பொறுமையாக, கலங்கல் படிந்த பிறகே அசையத் தொடங்கும். அவசரப்பட்டுத் தட்டைக் கவிழ்க்கிறவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான்.

கல்லைப் புரட்டினால் எடுத்த இடத்திலேயே, எடுத்த முகமே கீழிருக்கும்படி வையுங்கள். சொல்லிச் சொல்லி அலுத்தாலும் இதைச் சொல்லாமலிருக்க முடியாது.

மணல்திட்டில் தேடுவது நம்மூர்க்காரர்களுக்குக் கைவந்த கலை. கோடையில் ஆற்றுமணலில் ஊற்றுத் தோண்டிக் குடிநீர் எடுக்கிறோமே, அதையே தோண்டுங்கள். ஓடும் நீரிலிருந்து ஓரடி இரண்டடி தள்ளி, மணலில் முழங்கை ஆழத்துக்குக் குழி எடுங்கள். மணலிடுக்கில் இருந்த நீர் மெல்லக் குழியில் கசிந்து சேரும். அதோடு மணலிடுக்கு உயிர்களும் வரும். முதலில் வரும் கலங்கல் நீரையும் விடாமல் ஒரு சின்னக் குவளையால் மொண்டு, வாளியின் வாயில் கட்டிய நைலான் துணியில் ஊற்றுங்கள். பத்துப் பதினைந்து லிட்டர் வடிந்ததும் துணியைத் திருப்பித் தட்டில் அலசிப் பாருங்கள். கராமன்–ஷாப்பூயி முறை என்று உலகெங்கும் நிலத்தடி உயிரியலாளர்கள் கையாள்வது இதைத்தான். கரண்டி, குவளை, துணி ஆகிய மூன்றைத் தவிர அதற்கும் கருவி கிடையாது. வேலை முடிந்ததும் குழியை மூடுங்கள். கன்றுகாலி கால் இடறும்.

ஊற்றுக்கண்ணில் தோண்டவே கூடாது. நீர் வெளியே விழும் இடத்தில் நைலான் துணியைப் பைபோல் கட்டி ஓர் இரவு விட்டுவிட்டு, காலையில் அவிழ்த்துப் பாருங்கள். உள்ளிருந்து அடித்து வரப்பட்டது அதில் இருக்கும். ஊர் குடிக்கும் ஊற்றானால் ஊராரிடம் சொல்லாமல் இதைச் செய்யாதீர்கள்.

கைவிட்ட கிணற்றில், அடி கனமாக்கிய கூம்பு வலையைக் கயிற்றில் கட்டி அடிவரை இறக்கி, அடியைச் சற்றுக் கலக்கி, மெதுவாக இழுங்கள். குடிநீர்க் கிணற்றில் வலையோ இரையோ போடாதீர்கள். கைவிட்ட கிணற்றின் விளிம்பு இடிந்து விழும் என்பதை நினைவில் வைத்து, ஒருவர் பிடித்துக்கொள்ள ஒருவர் இறக்குங்கள்.

இன்னொரு வகையையும் விட்டுவிட வேண்டாம். நன்னீர் ஐசோபாடுகளில் சில ஒட்டுண்ணிகள். கொல்கத்தாவின் நன்னீர்ப் பஞ்சுயிரி ஒன்றிலிருந்து 1907இல் விவரிக்கப்பட்ட டக்கேயா இனம் ஒன்று நன்னீர் இறால்களையும் பற்றி வாழும். அலிட்ரோப்பஸ் டைப்பஸ் என்பது மீனைப் பற்றும். கேரளத்தில் விராலில் அதை ஆராய்ந்திருக்கிறார்கள். கோமுகி அணைப் பக்கம் மீன் வாங்கினால் செவுள் மூடியைத் தூக்கியும் துடுப்படியிலும் பாருங்கள். ஒட்டிக்கொண்டு ஏதாவது இருந்தால் கால்களை எண்ணுங்கள். இந்த மலையிலிருந்து இறங்கும் கோமுகி ஆறு மணிமுக்தாற்றில் சேர்ந்து, அது வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டையில் கடலை அடைகிறது. அங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையத்தில் மீன்பற்றும் கடல் ஐசோபாடுகளைப் பற்றி நிறைய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. பள்ளி மாணவர்களைக் கல்விச் சுற்றுலா அழைத்துப்போகும் ஆசிரியர்களுக்கு, கரியாலூர் ஊற்றையும் பரங்கிப்பேட்டைக் கழிமுகத்தையும் ஒரே பாடமாக நடத்த இது நல்ல வழி.

கிடைத்தால்

படம் எடுங்கள்: மேலிருந்து, பக்கவாட்டில், அடியிலிருந்து. பக்கத்தில் அளவுகோல் இருக்கட்டும். பிடித்த நீரிலேயே வைத்திருங்கள்; குழாய் நீரில் போட்டால் குளோரினில் செத்துவிடும். வெயிலில் தட்டு சூடேறிவிடும், நிழலுக்குக் கொண்டுபோங்கள். படம் எடுத்ததும் எடுத்த இடத்திலேயே விடுங்கள். வேறு ஊற்றில் விடவே விடாதீர்கள். ஓர் ஊற்றில் நனைந்த வலையை வெயிலில் நன்கு காயவைத்த பிறகே அடுத்த ஊற்றில் நனையுங்கள்.

சாராயத்தில் போட்டு எடுத்துவரும் ஆசை வேண்டாம். மாதிரி சேகரிப்பதற்கு அனுமதியும் பயிற்சியும் வேண்டும். தேதி, இடம், நீரின் வெப்பம், எப்படிக் கிடைத்தது என்ற குறிப்புகளோடு படங்களைச் சென்னை சாந்தோமில் இருக்கும் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையத்துக்கு அனுப்புங்கள். தேவையென்றால் முறையான அனுமதியோடு அவர்களே வந்து எடுப்பார்கள்.

கிடைக்காவிட்டாலும் குறிப்பு எழுதுங்கள். எந்த ஊற்று, எந்த மாதம், எத்தனை லிட்டர் வடிகட்டினோம், என்ன இருந்தது, என்ன இல்லை என்று எழுதி வைத்தால் அடுத்து வருகிறவர் அங்கிருந்து தொடங்கலாம். தேடிப் பார்த்து இல்லை என்று எழுதிய குறிப்புக்கு மதிப்பு அதிகம்.

ஊற்றைக் காப்பது

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் சொக்கோரோ என்ற ஊரருகே ஒரு வெந்நீர் ஊற்று இருக்கிறது. அங்கே மட்டுமே வாழ்ந்த ஓர் ஐசோபாடை 1978இல் அழியும் நிலையிலுள்ள உயிராக அந்நாட்டு அரசு அறிவித்தது. ஊற்றின் நீர் முழுவதும் குழாய்க்குள் திருப்பப்பட்டிருந்தது. கைவிட்ட ஒரு குளியல் இல்லத்தின் தொட்டியும் குழாயும்தான் அதன் உலகமாக மிஞ்சியிருந்தன. 1988இல் மரவேர் புகுந்து குழாய் அடைத்துக்கொண்டது. தொட்டி காய்ந்தது. வெளியுலகில் இருந்த கூட்டம் அத்தோடு முடிந்தது. ஆய்வுக்கூடத்தில் வளர்ந்துகொண்டிருந்த சில நூறு உயிர்கள் இருந்ததால்தான் மறுபடி அதை அங்கே குடியேற்ற முடிந்தது. நம் ஊற்றுகளுக்கு அப்படி ஒரு காப்பு கிடையாது.

கரியாலூர்ப் பக்கத்து ஊற்றுகளுக்கு வரும் கெடுதல்கள் எல்லாருக்கும் தெரிந்தவைதான். அருவிக்கு மேலே சோப்பும் ஷாம்பூவும் போட்டுக் குளிப்பது. சோப்பு நீர் செவுளின் மேல் பட்டால் சின்ன உயிர்கள் தாங்காது. மரவள்ளிக் காட்டுக்கு மருந்தடித்த கருவியை ஓடையில் கழுவுவது. குடிக்காத கிணற்றிலும் பிளீச்சிங் பவுடரைக் கொட்டுவது. இவற்றையெல்லாம்விட எனக்கு மனம் பதைப்பது, நல்லெண்ணத்தோடு ஊற்றுக்கண்ணைச் சுற்றி நான்கு பக்கமும் சிமென்ட் பூசி, நீர் முழுவதையும் குழாயில் ஏற்றுவதைப் பார்க்கும்போதுதான். மக்களுக்குக் குடிநீர் வேண்டும்; அதில் இரண்டு கருத்தில்லை. தொட்டி கட்டுங்கள், ஆனால் ஊற்றுக்கண்ணுக்குக் கீழே தள்ளிக் கட்டுங்கள். கண்ணைச் சுற்றியுள்ள கல்லையும் வேரையும் அப்படியே விடுங்கள். குழாய்க்குப் போனது போக ஒரு பங்கு நீர் எப்போதும் ஓடைக்கு வழியட்டும். இதற்குக் கூடுதல் செலவு ஏதுமில்லை. கட்டுகிறவரிடம் முன்கூட்டியே சொன்னால் போதும்.

2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் ஊராட்சிக்கும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டில் மரங்களும் மூலிகைகளும் ஏறுகின்றன. ஊற்றுகள் ஏறுவது அரிது. அடுத்த கிராமசபைக் கூட்டத்துக்குப் போகும்போது உங்கள் ஊரின் வற்றாத ஊற்றுகளின் பெயர்ப்பட்டியலைக் கையில் கொண்டுபோங்கள். அவற்றைப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லித் தீர்மானம் போடுங்கள். அதில் என்ன உயிர் வாழ்கிறது என்ற இடத்தைக் காலியாக விட்டு வையுங்கள், தேடி நிரப்பலாம்.